மர்மங்களின் அதிபதி: ரொட்டித் துண்டும் தெய்வ சிம்மாசனமும்

அனிமேஷன் தொடரைப் பார்த்துவிட்டு ‘லார்ட் ஆஃப் த மிஸ்டரீஸ்’ நாவலைத் தொடங்கியதாகவும், நாற்பதாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது, குறை என்று எதைச் சொல்லலாம், தொடர்ந்து படிக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். இந்த நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு முறை முழுதாகப் படித்திருக்கிறேன். இரண்டாம் முறை படித்தபோது முதல் முறை கண்ணில் படாத குறைகள் பல தெரிந்தன. நாவல் மீதிருந்த பிரியமும் கூடியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன். அனிமேஷன் பார்த்திருப்பதால் முதல் பாகத்தின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை ஒளிக்காமல் பேசுகிறேன். பிற்பகுதியில் தேவையானதை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

இந்த நாவல் எப்படி எழுதப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சீனாவின் பெரிய இணைய நாவல் தளம் சீதியன். ‘தொடக்கப்புள்ளி’ என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே 2018 ஏப்ரல் 1 முதல் 2020 மே 1 வரை இது தொடராக வந்தது. எழுதியவரின் புனைபெயரைத் தமிழில் சொன்னால் ‘முக்குளிப்பதை விரும்பும் கணவாய்’. எட்டுப் பாகங்கள், ஏறத்தாழ 1,400 அத்தியாயங்கள். இந்த வகைத் தளங்களில் ஆரம்ப அத்தியாயங்களை இலவசமாகப் படிக்கலாம். அதன்பின் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வாசகர் சில்லறைக் காசு கொடுத்து அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பார். எழுத்தாளர் நாள் தவறாமல் அத்தியாயம் தர வேண்டும். ஒருநாள் தவறினாலும் வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து பழகியவர்கள், அதே காத்திருப்பு ஒவ்வொரு நாளும் நடப்பதாக எண்ணிப் பாருங்கள். எழுத்தாளரின் மேல் எவ்வளவு பெரிய சுமை என்பது புரியும்.

இப்படி எழுதப்படும் நாவல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றுமில்லாத இளைஞன், அவனை இகழும் குலம், கையில் கிடைக்கும் ரகசியப் பொருள், படிப்படியாக வலிமை, கடைசியில் வானத்தையே பிளக்கும் கை. இந்த நாவலிலும் படிகள் உண்டு. ஒன்பதில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும் படிநிலைகள், பூஜ்யத்தில் இருப்பவர் தெய்வம். மொத்தம் 22 பாதைகள். குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் பெரிய சீட்டுகள் 22 என்பதால் அந்த எண். ஆனால் படியேறுவதற்கு இந்த நாவல் கேட்கும் விலைதான் அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ஒவ்வொரு படிக்கும் ஒரு மருந்து குடிக்க வேண்டும். அந்த மருந்துக்குள் வேறோர் உயிரின் மிச்சம் இருக்கிறது. குடித்தவனின் மனத்தை அது உள்ளிருந்து அரிக்கும். அடக்கி வைத்தால் என்றோ ஒருநாள் கட்டுமீறும். அப்போது அவன் அரக்கனாகிவிடுவான். இதிலிருந்து தப்ப ஒரே வழி மருந்தைச் செரிப்பது. செரிப்பதற்கான வழி நடிப்பு. மருந்தின் பெயர் ‘குறிசொல்பவன்’ என்றால் அவன் குறிசொல்பவனாக வாழ வேண்டும். ‘கோமாளி’ என்றால் கோமாளியாக வாழ வேண்டும். கோமாளி என்பதற்கு உண்மையில் என்ன பொருள் என்று தன் வாழ்க்கையிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். அதே நேரம், நடிப்பது தான்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. மறந்தால் வேடம் ஆளை விழுங்கிவிடும். சக்தியை இப்படி யோசித்த கற்பனைக் கதை வேறொன்றை நான் படித்ததில்லை. இதில் சண்டை போட்டு யாரும் வளர்வதில்லை. தன்னைப் புரிந்துகொள்கிறவன் வளர்கிறான், புரிந்துகொள்ளாதவன் பைத்தியமாகிறான். அதற்கும் மேலே போனால், மனிதத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ள நங்கூரம் வேண்டும் என்று நாவல் சொல்கிறது. தன்னை மனிதனாக நினைவில் வைத்திருக்கிறவர்களும், தன்னை நம்புகிறவர்களும்தான் அந்த நங்கூரம்.

இந்தக் கருத்துக்கு உயிர் கொடுப்பது சில்லறைக் காசும் ரொட்டியும்தான். நீங்கள் சலிப்பு என்று தாண்டிப் போன பகுதிகள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

தொடக்கத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். முதல் சொல்லே வலிதான். நம் காலத்துச் சீன இளைஞன் ஜோ மிங்ருயி தலை பிளக்கும் வலியோடு வேறோர் உலகத்தில் கண் விழிக்கிறான். அது நீராவி எந்திரங்களும் எரிவாயு விளக்குகளும் உள்ள, விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் சாயல் கொண்ட உலகம். சன்னலில் செந்நிலா. மேசையில் ஒரு ரிவால்வரும் திறந்த குறிப்பேடும் இருக்கின்றன. எல்லோரும் செத்துவிடுவார்கள், நான் உட்பட என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் புகுந்திருக்கும் உடல், தன்னையே சுட்டுக்கொண்ட கிளைன் மொரெட்டி என்ற பட்டதாரியின் உடல். இவ்வளவு பயங்கரத்துக்கு நடுவில் அவன் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று விளக்கை ஏற்றுவது. எரிவாயு மீட்டரில் ஒரு செப்புக் காசைப் போடுகிறான். சக்கரங்கள் கறகறவென்று சுழல்கின்றன. அந்தக் காசுக்குக் கொஞ்ச நேர வெளிச்சம்தான் கிடைக்கும். அந்த வெளிச்சத்துக்குள் தன் ரத்தக்கறையைத் துடைத்து முடிக்க வேண்டும். தங்கை விழித்துவிட்டால் என்ன சொல்வது?

இப்படித் தொடங்கும் எழுத்தாளர் அந்தக் கணக்கை விட்டுவிடுவதே இல்லை. ஒரு தங்கப் பவுனுக்கு 20 சோலி, ஒரு சோலிக்கு 12 பென்ஸ். அண்ணன் பென்சனின் வாரச் சம்பளம் ஒரு பவுன் பத்து சோலி. அதில்தான் மூன்று பேரின் சாப்பாடு, வாடகை, தங்கை மெலிசாவின் படிப்பு. கம்பு ரொட்டி எத்தனை பென்ஸ், ஆட்டிறைச்சி எத்தனை பென்ஸ் என்று நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. மர்ம ஆபத்துகளிலிருந்து ஊரைக் காக்கும் இரவுக் காவலர் வேலை கிளைனுக்குக் கிடைத்து வாரம் மூன்று பவுன் வரும்போது, அந்தக் குடும்பம் பெறும் நிம்மதியை நம் வயிற்றில் உணர்கிறோம். பிறகு அவன் யாருக்காக உயிரைக் கொடுக்கத் துணிகிறான் என்ற கேள்வியே எழுவதில்லை. ஆட்டிறைச்சிக் குழம்பில் பட்டாணி போட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்த இரவு பதில் சொல்லிவிடுகிறது. தினம் எழுதியாக வேண்டிய தொடர் என்பதால்தான் இந்த நிதானம் வாய்த்தது என்று நினைக்கிறேன். முந்நூறு பக்கத்தில் புத்தகம் போடுகிற பதிப்பாளர் எவரும் ரொட்டி விலையை இத்தனை முறை எழுத விட்டிருக்க மாட்டார்.

இங்கே மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இந்தக் காவலர்களுக்கு ‘நைட்ஹாக்ஸ்’ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் வீரப் படை போலத் தோன்றும். சீன மூலத்தில் அது வெறுமனே ‘இரவுப் பணியில் இருப்பவர்’ என்ற சொல். பிளாக்தார்ன் பாதுகாப்பு நிறுவனம் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, கீழ்த்தளத்தில் ஒரு கதவுக்கு முறை வைத்துக் காவல் காக்கும் மனிதர்கள். செலவுச் சீட்டு எழுதுகிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள், விடுப்புக் கேட்கிறார்கள். அந்த எளிய பெயர்தான் இவர்களுக்குப் பொருந்துகிறது.

அவர்களில் ஒருவர் நீல் கிழவர். கிளைனுக்கு மந்திரச் சடங்குகள் கற்றுத்தருகிறவர். காப்பிக்கொட்டையைக் கையால் அரைத்துக் காப்பி போடுவதில் பெருமை கொண்டவர். சடங்குப் பொருள் வாங்கினேன் என்று அலுவலகக் கணக்கில் எழுதிக் காசு பார்ப்பதில் கெட்டிக்காரர். கடனை அடைப்பதற்குக்கூடச் சடங்கு செய்கிறவர். படிக்கும்போது சிரித்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு கட்டத்தில் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. அவர் கணக்கில் எழுதிய பொருள்கள் எல்லாம் எங்கே போயின? இழந்துவிட்ட தன் காதலியை உயிர்ப்பிக்க அந்தக் கிழவர் வருடக்கணக்காக முயன்றிருக்கிறார். கட்டுமீறல் என்பது அதுவரை நமக்கு ஒரு விதி மட்டுமே. அன்று அது ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. நேற்று காப்பி கொடுத்தவரைத் துப்பாக்கியோடு தேடிப் போக வேண்டியிருக்கிறது. நகைச்சுவை என்று நாம் ஒதுக்கி வைத்த ஒவ்வொரு சிறு பொய்யும் திரும்பி வந்து சாட்சி சொல்கிறது. அந்த அத்தியாயத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போனது தெரியவில்லை.

அடுத்தது தலைவர் டன் ஸ்மித். மறதிக்காரர். பேசி முடித்துக் கதவு வரை போய்த் திரும்பி வந்து, இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன் என்பார். நூறு அத்தியாயங்களுக்கு மேல் இதைக் கண்டு பழகிவிடுகிறோம். தீய தெய்வத்தின் கருவைச் சுமந்த ஒரு பெண், காவலர் அலுவலகத்துக்குள் நுழையும் அந்தக் கடைசி நாளில் அவர் நகரத்துக்காகத் தன் இதயத்தையே கொடுக்கிறார். இனி அவர் திரும்பி வந்து எதையும் சொல்லப்போவதில்லை என்பது சில பக்கங்கள் கழித்துத்தான் மனத்தில் இறங்குகிறது. கிளைனும் அன்றே கொல்லப்படுகிறான். புதைகுழியிலிருந்து எழுந்து வந்து தன் கல்லறைக் கல்லைப் படிக்கிறான். சிறந்த அண்ணன், சிறந்த தம்பி, சிறந்த சக ஊழியன் என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தக் குடும்பத்தின் உண்மையான மகன் அவன் அல்லன். வேறொருவன் உடலில் புகுந்தவன். அவனுக்கு அந்த மூன்று பட்டங்களும் கிடைத்துவிட்டன, இனி அவர்கள் முன்னால் போய் நிற்க வழியில்லை. முதல் பாகத்தின் பெயர் ‘கோமாளி’. கண்ணீரை மறைத்துச் சிரிக்கிறவன்தான் கோமாளி என்று எவரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை. அவன் அந்தக் கல்லின் முன் நின்று கற்றுக்கொள்கிறான்.

இரண்டாம் பாகத்தில் களம் தலைநகர் பேக்லண்டுக்கு மாறுகிறது. நாவலின் உச்சம் என்று நான் கருதுவது இதன் முடிவைத்தான். கிளைன் இங்கே துப்பறிவாளன் வேடத்தில் இருக்கிறான். ஒரு பத்திரிகையாளரோடு ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியைச் சுற்றுகிறான். வேலை இழந்து தெருவில் படுத்த கோலர் என்ற முதியவரையும், துணி துவைத்துப் பிழைக்கும் லிவ்வையும் அவள் மகள்களையும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறோம். கதை ஓட்டத்துக்கு இவர்கள் தேவையே இல்லை. பிறகு பெரும்புகை நகரத்தை மூடுகிறது. தொழிற்சாலைப் புகையும் மறைவில் பரப்பப்பட்ட நோயும் சேர்ந்து ஏழைகளைக் கொல்கின்றன. எழுத்தாளர் மாயப் போரை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக இவர்களிடம் போகிறார். லிவ் சாகிறாள், மூத்த மகள் ஃப்ரேயா சாகிறாள், கோலர் தெருவில் விழுகிறார். வல்லவர்களின் சதிக்கு விலை கொடுப்பது யார் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன கற்பனை நாவல்கள் குறைவு. 1952-இல் லண்டனை மூடிய கொடும்புகையை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் இன்னும் கனமாக இருக்கும்.

ரோசெல் பேரரசனின் நாட்குறிப்பையும் சொல்லியாக வேண்டும். கிளைனுக்கு முன்பே அந்த உலகத்துக்குப் போன இன்னொரு சீனன் ரோசெல். நம் உலகத்துக் கண்டுபிடிப்புகளைத் தனதாக்கிப் பேரரசனானவன். எவருக்கும் புரியக்கூடாது என்று நாட்குறிப்பைச் சீன மொழியில் எழுதி வைத்தான். அந்த உலகத்தில் அதைப் படிக்கக்கூடியவன் கிளைன் ஒருவனே. அதுவும் தாள் தாளாக, முன்பின் கலைந்து கிடைக்கிறது. ஆரம்பத் தாள்களில் தற்பெருமையும் பெண்களைப் பற்றிய பீற்றலும். சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். பிந்தைய தாள்களில் அதே கை பயத்தில் எழுதுகிறது, தனிமையில் எழுதுகிறது, மகளை நினைத்து எழுதுகிறது. ஒரு மனிதனின் முழு வாழ்க்கையை இப்படிக் கிழிந்த தாள்களில் கட்டி எழுப்பியது பெரிய கைத்திறன். உலகத்தின் ரகசியங்களை வாசகனுக்குக் கடத்தவும் அதுவே வழி. தகவலும் துயரமும் ஒரே தாளில் வருகின்றன.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். சின்னவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மொழி பல இடங்களில் தேய்ந்துபோயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தலையசைத்தான், உதட்டோரம் துடித்தது, ஆழ்ந்து யோசித்தான் என்ற மூன்று நான்கு சைகைகளே ஆயிரம் அத்தியாயங்களுக்கும் ஓடுகின்றன. கிளைன் ஊசல் பிடித்துக் குறி பார்க்கும் முறை ஒவ்வொரு தடவையும் முழுதாக விவரிக்கப்படுகிறது. புஷ்பராகக் கல்லை எடுக்கிறான், வாக்கியத்தை ஏழு முறை சொல்கிறான், கல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்கிறான். கடிகாரச் சுற்றுக்கு எதிராக நான்கு அடி நடந்து, சாம்பல் மூடுபனி என்ற மர்ம வெளிக்கு மேலே போவதும் அப்படியே. நேற்றைய அத்தியாயத்தை மறந்துவிட்டு வரும் வாசகனுக்கு நினைவூட்டல் வேண்டும், எழுத்து எண்ணிக்கைக்குக் காசு என்ற காரணமும் இருக்கிறது. மொத்தமாகப் படிக்கிறவருக்கு இது பாரம். தயங்காமல் தாண்டிப் படியுங்கள்.

டாரட் சங்கத்தின் கூட்டங்கள் முதலில் மிக அழகானவை. திங்கள்தோறும் மதியம் மூன்று மணிக்கு, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் மூடுபனிக்கு மேல் ஒரு நீள மேசையைச் சுற்றிக் கூடுகிறார்கள். தலைமை இருக்கையில் முட்டாள் என்ற பெயரோடு அமர்ந்திருப்பவர் பழம்பெரும் தெய்வம் என்று நம்புகிறார்கள். அவர் உண்மையில் சில்லறைக் காசை எண்ணிக்கொண்டிருக்கும் கிளைன். நாளடைவில் இந்தக் காட்சிகள் ஒரு வாய்பாட்டுக்குள் விழுகின்றன. கிளைன் ஒரு சொல் சொல்வான். சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் மனத்துக்குள் வியப்பார்கள், தவறாக ஊகிப்பார்கள், ‘முட்டாள்’ என்ற அந்தத் தெய்வத்தின் பெருமையை எண்ணி மெய்சிலிர்ப்பார்கள். பத்து முறைக்கு ரசிக்கலாம். ஐம்பதாவது முறை அது நாயகனுக்குப் போடும் ஆரத்தி.

பெண்களைப் பொறுத்தவரை ஒரு பாதி மெச்சலாம். பிரபுவின் மகள் ஆட்ரி, விளையாட்டாகத் தொடங்கித் தன் வர்க்கத்தின் உண்மை முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் பாத்திரம். தற்செயலாக மருந்தைக் குடித்துப் பேசத் தொடங்கும் அவளுடைய நாய் சூசியோடு அவள் நடத்தும் உரையாடல்கள் இனிமையானவை. ஆனால் ‘மந்திரக்காரி’ பாதை ஆண்களைப் பெண்களாக்கும் என்பதை நாவல் பெரும்பாலும் அருவருப்பாகவும் வேடிக்கையாகவும்தான் பார்க்கிறது. அப்படிப் பெண்ணாக மாறிய ட்ரிஸ்ஸியின் கதையில் உண்மையான துயரம் இருக்கிறது. அவள் அழகை வர்ணிப்பதற்குச் செலவிட்ட வரிகளில் பாதியை அவள் மனத்துக்குச் செலவிட்டிருக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே மனக்குறையாக இருப்பது தென்கண்டம். அந்த உலகத்தில் வடகண்டத்து அரசுகள் பாலாம் உள்ளிட்ட தென்கண்டத்தைக் காலனியாக்கி வைத்திருக்கின்றன. தோட்டங்கள், அடிமை வணிகம், பறிக்கப்பட்ட தெய்வம் எல்லாம் உண்டு. எழுத்தாளர் அநீதியை மறைக்கவில்லை, கண்டிக்கவும் செய்கிறார். ஆனால் அந்த மக்களைப் பார்க்கும் கண் எப்போதும் வடகண்டத்தவருடையது. துப்பாக்கி விற்க வருகிறவர், மனம் மாறி உதவ வருகிறவர், ஒளிந்துகொள்ள வருகிறவர். கிழக்குப் பேக்லண்டின் லிவ்வுக்குக் கிடைத்த ஒரு பக்கம், பாலாமின் ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்திருந்தால் நாவல் வேறொரு உயரத்துக்குப் போயிருக்கும். இவருக்கு அது முடியாத காரியம் அல்ல. முடியும் என்று காட்டியவர் செய்யாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை நான்காம் படிநிலைக்கு மேல் தொடங்குகிறது. மூன்றாம் பாகம் வரை கவலை இல்லை. கெர்மன் ஸ்பாரோ என்ற கொடூர வேட்டைக்காரன் வேடத்தில் கிளைன் கடலில் சுற்றும் அந்தப் பாகம் கொண்டாட்டமானது. பிறகு அரைத்தெய்வங்களும் தேவதூதர்களும் மேடைக்கு வருகிறார்கள். சண்டைகள் அதிகாரம், குறியீடு, தனித்துவம் என்ற அருவச் சொற்களுக்குள் நடக்கின்றன. காலத்தைத் திருடுகிறார்கள், தூரத்தைத் திருடுகிறார்கள், விதியை ஒட்டுகிறார்கள். யார் யாரை எப்படி வென்றார்கள் என்று அறிய இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. கிளைன் ஒரு கட்டத்தில் பெருஞ்செல்வன் வேடம் போடுகிறான். பவுன்கள் ஆயிரக்கணக்கில் புரள்கின்றன. மீட்டரில் போட்ட அந்தச் செப்புக் காசு எங்கோ தொலைந்துபோகிறது. படியேறினால் மனிதத்தன்மை கரைந்துபோகும் என்று எச்சரித்த நாவல், தானும் படியேறும்போது அதே ஆபத்துக்கு ஆளாகிறது. தெரு, சாப்பாடு, சம்பளம் ஆகியவற்றிலிருந்து விலகும் ஒவ்வொரு நூறு அத்தியாயத்திலும் அதன் பிடி தளர்கிறது.

விதிவிலக்கு ஏமோன். ஒற்றைக்கண் கண்ணாடி அணிந்து சிரித்துக்கொண்டே வரும் அந்த எதிரி எவர் உடலிலும் புகுந்துகொள்ளக்கூடியவன். தெருவில் யாரோ ஒருவர் கையை உயர்த்தி வலக்கண்ணருகே கொண்டுபோனால் போதும், வாசகனுக்கு வேர்த்துவிடும். அந்தப் பயம் ஏன் வேலை செய்கிறது? அது ஒரு கண்ணாடித் துண்டில் இருக்கிறது, கையால் தொடக்கூடியது. அருவச் சொல் எதுவும் செய்யாத வேலையை அந்தக் கண்ணாடி செய்துவிடுகிறது.

உயரத்துக்குப் போன பிறகும் நாவல் மண்ணைத் தொட முடியும் என்பதற்கு இன்னொரு சான்று வெள்ளி நகரம். தெய்வங்கள் கைவிட்ட நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனையே காணாமல், மின்னல் வெளிச்சத்தைக் கொண்டு பகலையும் இரவையும் கணக்கிட்டு வாழும் ஊர். அங்கே இறப்பவரை ரத்த உறவினர் கையாலேயே கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிணம் அரக்கனாக எழும். டெரிக் என்ற சிறுவனை நாம் முதலில் பார்ப்பதே சாகும் தறுவாயில் இருக்கும் பெற்றோரின் முன்னால்தான். கையில் வாளோடு நிற்கிறான். அந்த மக்கள் கடைசியில் எல்லையைத் தாண்டி வெளியே வந்து சூரியனைப் பார்க்கும் அத்தியாயம் ஏழாயிரம் பக்கம் படிக்கவும் தகும். பெரிய மந்திரம் எதுவும் அதில் இல்லை. கூசும் கண்களும், நம்பாத முகங்களும், வழியில் இறந்துவிட்டதால் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத மனிதரின் நினைவும் மட்டும்தான்.

முடிவு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எட்டாம் பாகம் மிகச் சிறியது. வெளியிலிருந்து வரப்போகும் பேரழிவு பெரிதாகப் பேசப்பட்டு, அதை எதிர்கொள்ளும் கட்டம் அடுத்த நாவலுக்குத் தள்ளப்படுகிறது. 2023-இல் தொடங்கிய அந்தத் தொடர்ச்சியின் நாயகன் வேறொருவன், லூமியன். முடிச்சுகள் எல்லாம் இங்கேயே அவிழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். எனக்கு ஏமாற்றம் இல்லை. கிளைனுடைய மனத்தின் கதை முடிய வேண்டிய இடத்தில்தான் முடிகிறது.

அனிமேஷன் உங்களுக்கு ஏன் பிரமிப்பையும் குழப்பத்தையும் சேர்த்தே தந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. 2025 ஜூனில் வெளிவரத் தொடங்கிய அந்தத் தொடர் முதல் பாகம் முழுவதையும் 13 பகுதிகளுக்குள் அடக்கியது. காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வேகத்துக்காக முதலில் வெட்டப்பட்டது ரொட்டியும் சம்பளமும் வெட்டிப் பேச்சும். அதனால் நீல் இறக்கும்போது அவரை நமக்கு நெருக்கமாகத் தெரியாது. டன் திரும்பி வந்து மறந்ததைச் சொல்லும் பழக்கம் நம் காதில் ஏறுவதற்குள் அவர் போய்விடுகிறார்.

தொடர்ந்து படியுங்கள் என்பதே என் பதில். ஒரு நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும். அது எழுதப்பட்ட வேகத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் அளவு. முதல் பாகம் முடியும் வரை பாதைகளின் பெயர்களையும் தெய்வங்களின் பட்டியலையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம், தேவையானது தானாகத் தங்கிவிடும். குறி பார்க்கும் பத்திகளைத் தாண்டினால் நஷ்டம் இல்லை. சாப்பாட்டு மேசையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பெரும்புகை வரை வந்தும் மனம் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம், அதற்கு மேல் இந்த நாவல் உங்களுக்காக மாறப்போவதில்லை.

நீங்கள் நிறுத்திய இடத்தில் நீல் கிழவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். காப்பி அரைத்துக்கொண்டிருக்கிறார். செய்யாத செலவுக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்று கிளைனுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது அவருக்கு.